உள்சுவரில் மினுக்கிய கறுப்பு

"எந்த ஜீப்பு வந்தாலும் அவ வூட்டாண்டயேதான் நிக்குது. நம்ம வூடு வரைக்கும் வந்தா டயரு தேஞ்சா பூடும்?"

ஜெயம்மாள் இதைத் தினமும் சொல்வாள். காலையில் ஆட்டை அவிழ்க்கும்போது ஒரு தரம், கஞ்சி ஊற்றும்போது ஒரு தரம். ஜீப்பே வராத நாளிலும் சொல்வாள். அவள் புருஷன் சிங்காரம் ஆரம்பத்தில் பதில் சொல்லிப் பார்த்தான். ஜமுனாமரத்தூரிலிருந்து பலாக்கானூருக்கு வருகிற மண் ரோடு இளவரசி வீட்டு வாசலோடு முடிகிறது, வண்டி திருப்ப இடம் அங்கேதான் இருக்கிறது, அதற்கு மேல் நம் வீடு வரை நாற்பது அடிக்குப் பாறையும் புளியமரத்து வேரும்தான், அதில் எந்த வண்டி ஏறும் என்று கேட்டான். அந்த நியாயம் ஜெயம்மாள் காதில் ஏறவில்லை. வண்டி திருப்புகிற இடத்தில் அவள் வீடு ஏன் இருக்க வேண்டும்? அதுதான் ஜெயம்மாளின் கேள்வி.

இளவரசி வேறு யாருமில்லை, சிங்காரத்தின் தம்பி அசோக்குமாரின் பெண்டாட்டி. ஜெயம்மாள் புதூர்நாட்டுப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து ஆறு வருஷம் கழித்து இளவரசி வந்தாள். பத்தாவது படித்தவள். வந்த மறு வருஷமே சசிகலா பிறந்தாள். அதற்கு மூன்று மாதம் கழித்து, கலியாணமான எட்டாம் வருஷத்தில், ஜெயம்மாளுக்குத் தமிழ்மணி பிறந்தாள். எட்டு வருஷம் காத்திருந்து பெற்ற பிள்ளை. அதிலும் மூன்று மாதம் பின்னால் நிற்க வேண்டியதாகிவிட்டது என்று பிரசவம் பார்த்த நர்ஸிடமே குறைப்பட்டுக்கொண்டவள் ஜெயம்மாள்.

பொறாமை என்றால் கொஞ்சநஞ்சப் பொறாமை இல்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் நிற்கிற பலா மரத்தில் இளவரசி பக்கத்துக் கிளைதான் அதிகம் காய்க்கிறது என்று வருஷா வருஷம் எண்ணிச் சொல்வாள். தன் கோழி இளவரசி வீட்டு வைக்கோலில் போய் முட்டையிட்டதற்காக அந்தக் கோழியையே அடித்துக் குழம்பு வைத்தவள். அந்தக் குழம்பிலும் ஒரு கிண்ணம் இளவரசிக்குக் கொடுத்தனுப்ப வேண்டிவந்தது, ஏனென்றால் மசாலா அரைத்தது இளவரசி வீட்டு மிக்ஸியில்.

இளவரசி கொடுக்காதவளாக இருந்திருந்தால் ஜெயம்மாளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். திட்டித் தீர்த்துவிட்டுப் போயிருப்பாள். ஆனால் அவள் கேட்ட வாயை மூடுவதற்குள் எடுத்துக் கொடுக்கிறவள். "எடுத்துக்கோக்கா, எங்ககிட்டதான் இருக்குதே" என்பாள். அந்த 'இருக்குதே' போய் ஜெயம்மாளின் நெஞ்சில் மிளகாய்ப் பொடி மாதிரி ஒட்டிக்கொள்ளும்.

போன வருஷம் ஆவணியில் அசோக்குமார் துறைமுக வேலைக்குப் போனான். கடலோரத்தில் ஒரு ஊர். கப்பலில் ஏற்றுவதற்காக அங்கே ஏதோ சுரங்கத்துக் கல்லை மாவாக அரைத்து, வருஷக் கணக்கில் திறந்தவெளியில் மலை மலையாகக் கொட்டி வைத்திருந்தார்கள். கடல் காற்று அதை அள்ளிக்கொண்டுபோய் வீட்டுக் கூரை, ஜன்னல், தெரு, குடிக்கிற தண்ணீர்த் தொட்டி என்று எல்லாவற்றின் மேலும் போட்டது. பிள்ளைகளுக்கு உடம்பு கெட்டது. புகார் மேல் புகார் போய், ஊரையே கழுவிச் சுரண்டிச் சுத்தம் செய்யும்படி உத்தரவு வந்தது. அந்த வேலைக்குத்தான் மேஸ்திரி மலையிலிருந்து இருபது பேரைக் கூட்டிக்கொண்டு போனான். கூரையைக் கழுவ வேண்டும், தெரு மண்ணை அரை அடி ஆழத்துக்கு வெட்டியெடுக்க வேண்டும், தடித்த வெள்ளைச் சாக்கில் கட்ட வேண்டும். மூக்குக்குத் துணி கொடுத்தார்கள். எதற்கு என்று சொல்லவில்லை. புழுதிக்குத்தான் என்று நினைத்து, வெயில் நேரத்தில் எல்லாரும் அதைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டார்கள்.

மார்கழிக் கடைசியில் அசோக்குமார் பொங்கலுக்கு வந்தபோது ஜீப்பிலிருந்து அரைச் சாக்குத் தூளை இறக்கினான். ஒரு வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மண் கலக்காமல் சேர்ந்து கிடந்ததாம். கண்மை மாதிரிக் கறுப்பு. அதற்குள் மீன் செதில் மாதிரிப் பளபளப்பு. பார்த்தவுடனே அவனுக்குத் தன் வீட்டுச் சுவர் ஞாபகம் வந்துவிட்டது.

மலையில் பொங்கலுக்குச் சுவருக்குச் செம்மண் பூசி, அடியில் ஒரு முழ உயரத்துக்குக் கறுப்புப் பட்டை இழுப்பார்கள். கதிர் அறுத்த சாமைத் தாளைக் கருக்கி, அந்தக் கரியை அரைத்து, சாணியில் குழைத்துத் துணியால் இழுக்க வேண்டும். இரண்டு நாள் இடுப்பு ஒடியும். ஒடிந்தும் பிரயோசனமில்லை, சாய்ந்து உட்கார்ந்தால் பாதி பட்டை புடவையோடு வந்துவிடும். அந்த வருஷம் இளவரசி கரி அரைக்கவில்லை. துறைமுகத்துத் தூளைச் சாணியில் குழைத்து இழுத்தாள். காய்ந்ததும் பட்டை மினுக்கத் தொடங்கியது. காலை வெயில் பட்டால் ஒரு மினுக்கு, ஜீப் வெளிச்சம் பட்டால் சுவரடியில் மின்மினி ஓடுகிற மாதிரி இன்னொரு மினுக்கு. ஊரே வந்து தொட்டுப் பார்த்தது. பிள்ளைகள் விரலால் தேய்த்து நெற்றியில் பொட்டு வைத்துக்கொண்டு ஓடின.

ஜெயம்மாள் தொட்டுப் பார்க்கவில்லை. தன் வீட்டு வாசலில் நின்றபடியே, இந்தப் பட்டை மழைக்கு ஓடிவிடும் என்றாள். தையில் ஏது மழை?

கேட்டிருந்தால் இளவரசி சாக்கோடு கொடுத்திருப்பாள். அதனால்தான் ஜெயம்மாள் கேட்கவில்லை. சந்தை நாளன்று இளவரசி சசிகலாவைக் கூட்டிக்கொண்டு ஜமுனாமரத்தூருக்குப் போன பிறகு, மாட்டுக் கொட்டகை மூலையில் கிடந்த சாக்கைப் பிரித்து ஒரு பெரிய பால்பவுடர் டின் நிறைய அள்ளி, முந்தானையை மேலே போட்டு மூடிக்கொண்டு நாற்பது அடி நடந்தாள். அவள் வாழ்க்கையில் திருடியது அந்த ஒரு தடவைதான்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் புத்தி வேலை செய்தது. வெளிச்சுவரில் இழுத்தால் அடுத்த நிமிஷமே ஊருக்குத் தெரிந்துவிடும். அதனால் உள்ளறைச் சுவரில் இழுத்தாள். கதவைச் சாத்திக்கொண்டு இழுத்தாள். பார்க்க ஒரு ஆள் இல்லை. விளக்கேற்றினால் அந்தப் பட்டை அவளுக்காக மட்டும் மினுக்கியது. இளவரசிக்குக் கூட வீட்டுக்குள்ளே மினுக்கு இல்லை, வெளியே மட்டும்தான் என்று ஜெயம்மாள் கணக்குப் போட்டுச் சந்தோஷப்பட்டாள். ஏது இது என்று சிங்காரம் கேட்டான். அம்மா வீட்டிலிருந்து வந்தது என்றாள். அவன் எதையும் இரண்டாம் தரம் கேட்கிற ஆள் இல்லை.

அந்தச் சுவரோரம்தான் தமிழ்மணி படுப்பாள்.

நான்கு வயது. மண் தின்கிற பழக்கம் உள்ள பிள்ளை. படுத்தபடியே சுவரை நகத்தால் சுரண்டிச் சுரண்டி வாயில் வைத்துக்கொள்வாள். எத்தனை முறை கையில் அடித்தாலும் நின்றதில்லை. மண்தானே என்று விட்டிருந்தார்கள்.

மாசி பிறந்ததும் பிள்ளை வாடத் தொடங்கியது. வயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுத்துக்கொண்டது. நான்கு நாளானாலும் வெளிக்குப் போகவில்லை. கொடுத்ததைத் தின்னவில்லை. கூப்பிட்டால் ஒரு கணம் கழித்துத்தான் திரும்பியது. ஜெயம்மாளுக்குச் சந்தேகமே இல்லை. இது கண்ணு. யார் கண்ணு என்பதிலும் சந்தேகம் இல்லை. இளவரசி தண்ணீர் எடுத்துக்கொண்டு போனதும் அவள் காலடி மண்ணை அவள் வாசலிலேயே ஒரு பிடி எடுத்து, உப்பும் மிளகாயும் சேர்த்துப் பிள்ளையை மூன்று சுற்றுச் சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் நெடியே வரவில்லை. பார்த்தாயா எவ்வளவு பெரிய கண்ணு என்று சிங்காரத்திடம் காட்டினாள். அந்த வாசல் மண்ணிலும் அதே தூள் இருந்தது என்று அவளுக்கு அப்போது தெரியாது.

மாசி பாதியில் ஜீப் வந்தது. வழக்கம்போல இளவரசி வாசலில் நின்றது. அசோக்குமார் இறங்கினான், பாதி ஆளாக இளைத்திருந்தான். அவனோடு ரேணுகாதேவி என்கிற நர்ஸம்மாவும், துறைமுகச் சுத்த வேலையின் சூப்பர்வைசர் சக்கரவர்த்தியும் இறங்கினார்கள். வேலை செய்தவர்களின் ரத்தத்தைச் சோதித்ததில் பலருக்கும் விஷம் ஏறியிருந்தது. யாராவது தூளை வீட்டுக்குக் கொண்டு போனீர்களா என்று கேட்டபோது அசோக்குமார் ஒத்துக்கொண்டிருந்தான்.

சக்கரவர்த்தி துப்பாக்கி மாதிரி ஒரு கருவியை இளவரசி வீட்டுப் பட்டையில் வைத்து அழுத்தினான். அது எண் காட்டியது. எண்ணைப் பார்த்ததும் சசிகலாவைத் தூக்கித் தூரமாகக் கொண்டு போகச் சொன்னான். இது காரீயம் என்றாள் ரேணுகாதேவி. கூட்டத்தில் ஒருவர், கீழே ஈயச் சொம்பில் ரசம் வைக்கிறார்களே, அவர்கள் எல்லாம் செத்தா போனார்கள் என்று கேட்டார். அது வேறு, வெள்ளீயம் என்று ரேணுகாதேவி பொறுமையாகச் சொன்னாள். இது பிள்ளைகள் உடம்பில் போனால் ரத்தத்தில் கலந்து எலும்பில் உட்கார்ந்துகொள்ளும், மூளையை மந்தமாக்கிவிடும் என்றாள்.

பிறகு ஒவ்வொரு வீடாக வந்தார்கள். ஜெயம்மாள் வாசற்படியில் குறுக்கே நின்றுகொண்டாள்.

"உங்க வூட்ல அந்தத் தூளு எதுனா கீதாம்மா? பயப்படாம சொல்லுங்க."

"எங்க வூட்ல ஏதுங்க அதெல்லாம். எங்களுக்கு யாரு குடுக்குறா."

சக்கரவர்த்தி வெளிச்சுவரில் கருவியை வைத்தான். அங்கே இருந்தது சாமைத் தாள் கரி. கருவி ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. உள்ளே பார்க்கலாமா என்று கேட்டான். பிள்ளை தூங்குகிறது என்றாள். பேரேட்டில் அந்த வீட்டுக்கு நேரே ஒரு கோடு போட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

மறுநாளிலிருந்து மூன்று நாள் வேலை. அதற்குமேல் அவர்கள் இருக்க மாட்டார்கள், துறைமுகத்து வேலை பாதியில் நிற்கிறது. தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்புப் போட்ட மூன்று பேர் இளவரசி வீட்டுச் சுவரில் தண்ணீர் தெளித்துத் தெளித்துச் சுரண்டினார்கள். ஒரு துளி தூள் பறக்கவில்லை. சுரண்டியதைச் சாக்கில் கட்டி, சாக்கையே ஈரத் துணியால் துடைத்து ஜீப்பில் ஏற்றினார்கள். வாசல் மண்ணை வெட்டி எடுத்துவிட்டுப் புது மண் கொட்டினார்கள். மாட்டுக் கொட்டகையைக் கழுவினார்கள். வீட்டுக்குள் சாணித் தரையை எடுத்துவிட்டு, சிமெண்டில் சிவப்புச் சாயம் கலந்து தரை போடப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது.

ஊரே பயத்தோடு பார்த்தது. ஜெயம்மாள் வயிறு எரியப் பார்த்தாள். விஷத்தை மினுக்கென்று பூசிக்கொண்டவளுக்குச் சிவப்புத் தரை. இது என்ன நியாயம்?

இரண்டாம் நாள் மத்தியானம் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, ரேணுகாதேவி இளவரசியிடம் கேட்பது காதில் விழுந்தது. சசிகலாவுக்கு வயிற்று வலி உண்டா, வெளிக்குப் போகிறாளா, சாப்பாடு வேண்டாம் என்கிறாளா, கூப்பிட்டால் உடனே திரும்புகிறாளா? இளவரசி அழுதுகொண்டே ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். வேலிக்கு இந்தப் பக்கம் ஜெயம்மாளும் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். கீரையில் பாதி கீழே விழுந்தது.

நேரே வீட்டுக்குள் போய், பிள்ளையைத் தூக்கி வெளியே விட்டுவிட்டு, கதவைச் சாத்தி, தேங்காய்த் தொட்டியால் பட்டையைச் சுரண்டினாள். துடைப்பத்தை எடுத்துக் காய்ந்தபடியே பெருக்கினாள். எல்லாப் பெண்களும் செய்கிற மாதிரிதான் செய்தாள். அறை முழுக்கத் தூள் எழுந்தது. கூரைச் சந்தில் வந்த வெயில் கோட்டில் அது மினுக்கிக்கொண்டே மிதந்தது. பாயில், கஞ்சிப் பானையில், மடித்து வைத்த துணியில், அவள் கண்ணிமையில், எங்கும் போய் உட்கார்ந்தது. எதிரே மூன்று வெள்ளை உடுப்புக்காரர்கள் தண்ணீர் தெளித்துத் தெளித்து ஏன் சுரண்டினார்கள் என்று அப்போதுதான் விளங்கியது. ஒரு முழப் பட்டையாக இருந்த விஷம் இப்போது வீடாகிவிட்டது.

சொல்லிவிடலாம். ஆனால் சொன்னால் திருடி. அதுவும் இளவரசி முன்னால். இளவரசி 'பரவால்லக்கா' என்று சொல்லிவிடுவாள், அதை வேறு கேட்க வேண்டும். அன்றைக்குப் பிள்ளையை மாட்டுக் கொட்டகையில் படுக்கவைத்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்தாளே தவிர வாயைத் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் சிவப்புத் தரை போட்டு முடித்தார்கள். சக்கரவர்த்தி சாமான்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்தான். ரேணுகாதேவி மேஜை போட்டு உட்கார்ந்து, பட்டியலில் இருந்த சசிகலாவின் பெயரைக் கூப்பிட்டு அவித்த முட்டை இரண்டு, பால், சத்து மாத்திரை கொடுத்தாள். தமிழ்மணி எப்போது எழுந்து போனாளோ தெரியாது, சசிகலாவுக்குப் பின்னால் நின்று கையை நீட்டிக்கொண்டிருந்தாள். ரேணுகாதேவி பேரேட்டைப் பார்த்தாள். இந்தப் பாப்பா பேரு இதில் இல்லையே, மிச்சம் இருந்தால் அப்புறம் தருகிறேன் என்று சொல்லி அந்தக் கையை மெதுவாக இறக்கிவிட்டாள். சசிகலா உரித்துக்கொண்டிருந்தாள். தமிழ்மணி அந்த முட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜெயம்மாள் தன் வாசலிலிருந்து அதைப் பார்த்தாள். உள்ளே போனாள். மிச்சத் தூளோடு பரணிலிருந்த பால்பவுடர் டின்னைச் சேலையால் சுற்றி எடுத்துக்கொண்டு நாற்பது அடி இறங்கிவந்து, ஜீப்புக்கு முன்னால் நடு ரோட்டில் வைத்தாள்.

"என் வூட்லயும் கீது. என் பொண்ணு பேரையும் எழுதுங்க."

இளவரசி டின்னைப் பார்த்தாள். "ஏதுக்கா உனுக்கு இது?"

"உன் வூட்டுக் கொட்டாய்லதான் எடுத்தேன்."

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனே."

"தெரியும். அதான் கேக்கல."

இளவரசி 'பரவால்லக்கா' சொல்லவில்லை. தமிழ்மணியின் விரல் நகத்தைத் திருப்பிப் பார்த்தாள். நகச் சந்தில் கறுப்பு மினுக்கியது. தான் வாங்கி வைத்திருந்த பால் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, ஜெயம்மாளைக் கெட்ட வார்த்தையில் திட்டினாள். அத்தனை வருஷத்தில் அவள் திட்டியது அதுதான் முதல் தரம். பிள்ளை சுரண்டித் தின்கிறது என்று தெரிந்தும் மூன்று நாள் சும்மா இருந்தாயே, நீ மனுஷியா என்று கேட்டாள். ஜெயம்மாள் தலை குனியவில்லை. இளவரசி தன்னைத் திட்டியதில் மனசுக்குள் ஏதோ ஒன்று லேசானதாகப் பின்னால் ஒப்புக்கொண்டாள்.

பெத்த பாசம் தாங்காமல் வந்து சொல்லிவிட்டாள் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். கேட்டால் ஜெயம்மாள் சிரிக்கிறாள். பாசம் மூணு நாளாகக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்ததாம். முட்டையைப் பார்த்ததும் பொறாமைதான் டின்னைத் தூக்கிக்கொண்டு வந்ததாம்.

சக்கரவர்த்தி ஏற்றிய சாமான்களை மறுபடி இறக்கினான். ரேணுகாதேவி தமிழ்மணியின் ரத்தத்தையும் எடுத்தாள். ரத்தத்தில் காரீயம் எவ்வளவு என்கிற எண் ஐந்தாம் நாள் வந்தது. சசிகலாவுக்கு முப்பத்தொன்று. தமிழ்மணிக்கு ஐம்பத்திரண்டு. நாற்பத்தைந்தைத் தாண்டினால் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டும் என்றார்கள். ஜெயம்மாள் அந்த இரண்டு எண்ணையும் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். இளவரசி கலியாணமாகி வந்த நாளிலிருந்து எந்தக் கணக்கிலாவது அவளை முந்திவிட வேண்டும் என்று இருந்தவள். இந்தக் கணக்கில் முந்திவிட்டாள்.

அடிவாரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள். விஷத்தைச் சிறுநீரில் இறக்குகிற மாத்திரை, அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். தமிழ்மணி துப்புவாள், ஜெயம்மாள் திரும்பப் புகட்டுவாள். அந்தப் பத்தொன்பது நாளும் அவள் ஆடுகளை ஓட்டியது இளவரசிதான். அவள் வீட்டைச் சுத்தம் செய்யும்போது கூட நின்று, பாய், பானை, துணி ஒவ்வொன்றையும் சோப்புத் தண்ணீரில் துடைத்ததும் இளவரசிதான். தன் வீட்டில் பார்த்துப் பார்த்து அவளுக்கு வேலை படிந்துவிட்டிருந்தது. இரண்டு வாளி வேண்டும், ஒன்றில் சோப்புத் தண்ணீர், ஒன்றில் நல்ல தண்ணீர். துணியை ஒரு பக்கமாகத்தான் இழுக்க வேண்டும். அழுக்குத் தண்ணீரை வாசலில் கொட்டக் கூடாது. துடைப்பத்தைத் தொடவே கூடாது.

ஜெயம்மாள் திரும்பிவந்து பார்த்தபோது அவள் வீட்டிலும் தரை போட்டிருந்தது. சிவப்புச் சாயம் இளவரசி வீட்டோடு தீர்ந்துபோனதால் இவளுக்குப் பச்சை. உள்ளே காலை வைப்பதற்கு முன்னால், அவ தரை மட்டும் சிவப்பா என்று கேட்டாள். சிங்காரம் தலையில் கை வைத்துக்கொண்டான். பிள்ளை பிழைத்துவிட்டது என்று அப்போதுதான் அவனுக்கு நம்பிக்கை வந்ததாம்.

வைகாசியில் ரேணுகாதேவி ஜெயம்மாளையும் இளவரசியையும் அந்தத் துறைமுகத்து ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கத்துப் பெண்களுக்குப் பிள்ளை நோயின் அடையாளத்தைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஜெயம்மாள் கடலைப் பார்த்தது அதுதான் முதல் தரம். ஆனால் கடலைப் பற்றி அவள் ஒன்றும் சொல்வதில்லை. அந்த ஊர் ஜன்னல் கட்டைகளைப் பற்றித்தான் சொல்கிறாள். கழுவின தெருவிலும் கூட, ஜன்னல் சந்தில் விரலை விட்டால் மினுக்கு வருகிறது. எண்ணூறு வீடு. கழுவி முடித்தது இருநூறுகூட இல்லை.

கூட்டத்தில் ராணியம்மாள் என்று ஒரு மீன்காரம்மா எழுந்து நின்று இவளையே பார்த்தாள்.

"எட்டு வருசமா நாங்க தொடைச்சிக்கினே கீறோம். உங்க மலைக்கு மட்டும் ஒரு வாரத்துல ஆளு வந்து தரை போட்டுட்டுப் பூட்டாங்களா? நீங்க இன்னா மகாராணிங்களா?"

அந்தக் குரலை ஜெயம்மாளுக்கு நன்றாகத் தெரியும். ஆறு வருஷமாகத் தன் வாயிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்த குரல். தன்னைப் பார்த்தும் ஒருத்திக்கு வயிறு எரியும் என்று அவள் நினைத்ததே இல்லை. சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும். இல்லை. அந்த அம்மாள் இடுப்பில் ஒரு பேரப்பிள்ளை, தமிழ்மணி மாதிரியே ஒரு கணம் கழித்துத் திரும்புகிற பிள்ளை.

"உன் வயித்தெரிச்சல் நாயம்தான். அடக்கி வெச்சிக்காதம்மா" என்றாள் ஜெயம்மாள். "நானு கதவ சாத்திக்கினு வெச்சிருந்தேன், எம் பொண்ணுக்கு அம்பத்தி ரெண்டு ஏறிச்சி. நடு ரோட்டுல கொண்டாந்து வெய்யி. எவன் ஜீப்பு வருதோ அதும் முன்னாடி வெய்யி."

அடுத்த வாரம் ராணியம்மாளும் இன்னும் நாற்பது பெண்களும் ஜன்னலில் துடைத்த கறுப்புத் துணிகளை வாளி வாளியாகக் கொண்டுபோய் அந்தக் கல்மாவுக் கிடங்கின் கேட்டுக்கு முன்னால் வைத்துவிட்டு உட்கார்ந்ததாக, அங்கேயே வேலைக்குத் திரும்பியிருந்த அசோக்குமார் போனில் சொன்னான். அவர்கள் தெருவுக்கு ஆள் வந்துவிட்டதாம். ராணியம்மாள் வீட்டுக்குச் சிவப்புத் தரையா, பச்சைத் தரையா என்று ஜெயம்மாள் கேட்டாள்.

இப்போது இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் இரண்டு பிள்ளைகளுக்கும் ரத்தம் எடுக்கிறார்கள். போன தரம் சசிகலாவுக்குப் பதினாறு, தமிழ்மணிக்கு இருபத்திநான்கு. எலும்பில் உட்கார்ந்தது மெதுவாகத்தான் இறங்கும், முழுக்க இறங்குமா என்று யாரும் உறுதி சொல்லவில்லை. தமிழ்மணி கூப்பிட்டால் இப்போது உடனே திரும்புகிறாள், பத்துக்கு எட்டுத் தரம். மீதி இரண்டு தரத்தையும் ஜெயம்மாள் எண்ணி வைத்துக்கொள்கிறாள். தினமும் காலையில் இரண்டு வாளியோடு பச்சைத் தரையைத் துடைக்கிறாள். இளவரசி எத்தனை தரம் துடைக்கிறாள் என்று எட்டிப் பார்த்துவிட்டு, அதற்கு மேல் ஒரு தரம் துடைக்கிறாள். அந்த இரண்டு எண்ணில் தன் பிள்ளையின் எண் கீழே போக வேண்டும். இந்த ஒரு போட்டியில் தோற்க அவள் தயாராக இல்லை.

மலைப் பக்கம் வந்தால் ஜெயம்மாளைப் போய்ப் பாருங்கள். ஜமுனாமரத்தூர் பஸ் நிற்கிற இடத்தில் பலாக்கானூர் ஜீப் என்று கேட்டால் காட்டுவார்கள். செருப்பை வெளியே விட்டு, காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போங்கள், இல்லாவிட்டால் வாசலிலேயே திட்டு விழும். பிள்ளைகளுக்கு எது வாங்கிப்போனாலும் இரண்டு வீட்டுக்கும் ஒரே அளவு வாங்குங்கள், எண்ணிப் பார்ப்பாள். முக்கியமாக ஒன்று. ஜீப் இளவரசி வாசலில் நிற்கும், அங்கேயே இருந்து கூப்பிட்டுப் பேசிவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். பாறையில் வேர் தடுக்கும், பார்த்து ஏறுங்கள், நாற்பது அடிதான். யாராவது தன் வீடு வரைக்கும் வர மாட்டார்களா என்று அவள் தினமும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள்.